கம்பிச் சட்டை

தெமோதரைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் பின்னேரக் கொழுந்து நிறுக்கிற நேரமும் மழை இறங்குகிற நேரமும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தின் தகரக் கூரையில் முதல் துளிகள் விழும்போதே பெண்கள் கொழுந்துச் சாக்குகளைத் தராசுப் பக்கமாக இழுத்துக்கொண்டு நெருக்கியடிப்பார்கள். பச்சைக் கொழுந்து வாசமும் நனைந்த துணியின் வாசமும் கலந்து மூச்சு முட்டும். நிறுத்த கொழுந்து வலைப் பைகளில் அடைபட்டுச் சுவரோரம் சாய்ந்து நிற்கும். கொழுந்து லொறி வளைவில் முக்கி முனகி ஏறி வந்து, பின்பக்கமாகத் திரும்பி நிற்கும். பின்கதவு படாரென்று விழும். அதற்குப் பிறகு அந்த இடம் இரண்டு பேருடையது. லொறித் தட்டில் நின்று பைகளை வாங்கி அடுக்குபவர் மாடசாமி. கீழே நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுப்பவள் செசிலி.

கொழுந்து லொறியில் ஒரு பெண் வேலை செய்வது அந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வேறெங்கும் இல்லை. இளவட்டங்கள் எல்லோரும் கொழும்புக் கடைகளுக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்ட பிறகு, ஒரு நாள், வேலை பிரித்துக் கொடுக்கிற காலைப் பெரட்டில், தோட்டத்தை நடத்துகிற தொரை கேட்டார்.

"லொறிக்கு யாரு வாறது?"

வேலைக்குப் பேர் கொடுக்க வந்து நின்ற ஆண்கள் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். அந்த வேலை முதுகைத் தின்கிற வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். செசிலி இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் வாரேங்க."

சிரித்தார்கள். கங்காணிகூடச் சிரித்தார். தொரை மட்டும் சிரிக்கவில்லை. அவர் இளவயதுக்காரர், ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தவர். முதல் வாரம் பெண்கள் வேலையை விட்டுவிட்டு நின்று வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த மாதம் வேடிக்கை பார்க்க எதுவும் இருக்கவில்லை. லொறி வந்தால் செசிலி தூக்குவாள், அவ்வளவுதான். 'லொறிக்காரி' என்று யாரோ கேலியாக வைத்த பேரை அவள் காதில் போட்ட தோடு மாதிரி எடுத்து மாட்டிக்கொண்டாள். கோயிலில் புதுச் சாமியார் வந்து ஆட்களை விசாரித்தபோது, "நான் லொறிக்காரி செசிலிங்க, ஃபாதர்" என்று அவளே சொன்னாள். பக்கத்தில் நின்ற மத்தேயு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

மத்தேயு அவள் புருஷன். அவளுக்கு முன்னால், கல்யாணத்துக்கும் முன்னாலிருந்தே, அந்த லொறியில் தூக்கியவன் அவன்தான். ஒரு பையை எடுக்கக் குனிந்தவன் அப்படியே நிமிர முடியாமல் நாலு பேர் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது. பதுளையில் ஒப்பரேசன் நடந்தது. உயிருக்கும் நடைக்கும் குறையில்லை. ஆனால் இடது கால் மரத்துப்போய்விட்டது, ஒரு வாளி தண்ணீர் தூக்கினால் இரண்டு நாள் படுக்க வேண்டும். இப்போது லயத்துக் காம்பராவில் அவன்தான் சமைக்கிறான். ரொட்டி நன்றாகத் தட்டுவான். கட்டைச் சம்பல் இடிக்கும்போது மாத்திரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, செசிலி தேத்தண்ணிக் கோப்பையோடு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தபோது அவன் கேட்டான்.

"எத்தன நாளா இப்புடி?"

"எப்புடி?"

"கோயில்ல முழங்கால் போட்டிட்டு எல்லாரும் எந்திரிச்சாங்க. நீ வாங்குப் பலகையப் புடிச்சிக்கிட்டு ஆகக் கடைசியா எந்திரிச்ச."

"கால் மரத்துப்போச்சி."

"காலா?"

செசிலி தேத்தண்ணியை ஊதினாள்.

"காலயில பாயில இருந்து எந்திரிக்கிறப்பயும் பாக்கிறேன்" என்றான் மத்தேயு. "ஒருக்களிச்சிப் படுத்து, கைய ஊனி, செவத்தப் புடிச்சி எந்திரிக்கிற. நேரா எந்திரிச்சி நான் பாத்தே ரொம்ப நாளாச்சி. எனக்குத் தெரியாதா செசிலி? நானும் இப்புடித்தான் ஒனக்கு ஒளிச்சேன். கால் நோவுன்னு சொன்னேன், குளிருன்னு சொன்னேன். கடைசியில மடுவத்துல விழுந்தேன்."

"நான் விழ மாட்டேன்."

"நானும் அப்புடித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"இப்ப என்னா செய்யச் சொல்றீங்க? தொரைகிட்டப் போயி முதுகு நோகுதுன்னு சொல்லவா? அன்னிக்கே லொறியில இருந்து எடுத்திருவாங்க. ரெண்டு வருசமா ஒரு ஆம்பளையும் செய்ய மாட்டேன்ன வேலைய நான் செய்றேன். பொம்பளைன்னா இப்புடித்தான், முடியாதுன்னு ஓடிருவான்னு அவங்க சொல்றத நான் கேக்கணுமா?"

"ஒனக்கு முதுகு பெருசா, பேரு பெருசா?"

"ரெண்டும்தான்" என்றாள் செசிலி.

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த ரொஷானி அப்போதுதான் வெளியே வந்தாள். அவர்களுக்கு ஒரே மகள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, பதுளையில் ஒரு தையல் பட்டறையில் வேலைக்குப் போகிறாள். அங்கே சட்டை, கவுன் எதுவும் தைப்பதில்லை. உடம்புக்கு வெளியே மாட்டிக்கொள்கிற இயந்திரச் சட்டகங்களுக்கு வேண்டிய பட்டிகள், மெத்தைகள், இடுப்பு வார்கள்தான் தைக்கிறார்கள். கால் வழங்காத நோயாளிகளை நிமிர்த்தி நடக்கப் பழக்குகிற, மோட்டர் வைத்த பெரிய சட்டகங்கள் ஒரு வகை. பாரம் தூக்குகிறவர்களின் முதுகைத் தாங்குகிற, மோட்டர் இல்லாத சின்னச் சட்டகங்கள் இன்னொரு வகை. வேலை முடிந்ததும் பெட்டியில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பட்டறையில் அதற்கு 'எக்ஸோ' என்று பேர். தான் தைத்த வாரை யார் இடுப்பில் மாட்டினார்கள் என்று ரொஷானி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"அம்மா, நான் ஒன்னு சொல்லவா?" என்றாள். "எங்க எஞ்சினியர் கஜேந்திரன் சேர் தோட்டங்கள்ல போட்டுப் பாக்க ஆள் தேடுறாரு. நம்ம தொரைகிட்டயும் கேட்டிருக்காங்க. வார கெழம வாராங்க."

"என்னத்தப் போட்டுப் பாக்க?"

"முதுகுக்கு மாட்டுறது. ரெண்டு பக்கமும் வளையிற கம்பி இருக்கும். குனியிறப்ப வில்லு மாதிரி வளையும். நிமிர்றப்ப அது ஒன்னயத் தள்ளி விடும். பாதி நோவ அது வாங்கிக்கும்."

"சர்க்கஸ்காரி மாதிரி அதையும் மாட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

"அப்பாவுக்கு அப்ப இது இருந்திருந்தா?" என்றாள் ரொஷானி.

மத்தேயு எழுந்து உள்ளே போனான். அடுப்படியில் சட்டி மூடுகிற சத்தம் கேட்டது. செசிலி மகளை முறைத்தாள். 

அடுத்த வாரம் பட்டறை வேன் பெரட்டுக் களத்துக்கு வந்தது. கஜேந்திரன் பதுளை டவுன்காரர், கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர், பேசும்போது யாரையும் அவசரப்படுத்தாதவர். அவரோடு பட்டறை மேற்பார்வையாளர் ஸுபைராவும், அளவெடுக்க ரொஷானியும் வந்திருந்தார்கள். மேசையில் கறுப்பு நிறத்தில் சட்டகங்கள் கிடந்தன. இடுப்புக்கு ஒரு அகலமான வார், தோளுக்கு இரண்டு பட்டி, தொடைக்கு இரண்டு மெத்தை, இடையில் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் ஓடுகிற விரல் தடிப்புக் கம்பிகள். தோட்டத்தில் அதற்குக் கம்பிச் சட்டை என்று பேராகிவிட்டது. தொரை ஏற்கனவே ஆட்களைத் தெரிவு செய்து வைத்திருந்தார். உர மூட்டை தூக்குகிறவர்கள், விறகு ஏற்றுகிறவர்கள். எல்லோரும் ஆண்கள்.

"லொறிக்கு மாடசாமி போட்டுப் பாக்கட்டும்" என்றார் தொரை.

"நான் மேல நின்னு அடுக்குறவன் தொரை" என்றார் மாடசாமி. "கீழ நின்னு தூக்குறது நம்ம தங்கச்சி."

"செசிலிக்குத் தேவையில்லையே. நல்ல பலமான ஆள்தானே."

களத்தில் நின்ற எல்லோரும் செசிலியைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பெருமை இருந்தது. அவள் பலமான ஆள் என்பது அவர்கள் எல்லோருக்கும் பொதுச் சொத்து மாதிரி ஆகிவிட்டிருந்தது. செசிலி வேனுக்குப் பக்கத்தில் அளவு நாடாவோடு நிற்கிற மகளைப் பார்த்தாள். ரொஷானி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கும் முதுகு நோகுதுங்க" என்றாள் செசிலி.

குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

"ரொம்ப நாளா நோகுது. சொன்னா லொறியில இருந்து எடுத்திருவீங்கன்னு சொல்லல. இன்னும் விழல. விழுறதுக்கு முந்தி சொல்றேன். என் வீட்டுக்காரரு விழுந்தப்புறம்தான் சொன்னாரு."

தொரை கையிலிருந்த பேர்ப் பட்டியலைப் பார்த்தார். "அப்ப நீங்க லேசு வேலைக்குப் போகலாம், செசிலி. களை எடுக்க..."

"சேர், இது விழுந்தவங்களுக்குச் செஞ்சதில்ல" என்றார் கஜேந்திரன். "விழாம இருக்கச் செஞ்சது. டொக்டர் பாத்து ஓமெண்டு சொன்னா, இவங்கதான் சரியான ஆள்."

பதுளையில் டொக்டர் பார்த்தார். முதுகுத் தசை களைத்துப்போயிருக்கிறது, எலும்புகளுக்கு இடையே இருக்கிற தட்டு இன்னும் விலகவில்லை, இப்படியே போனால் விலகும் என்றார். பாரத்தை முழங்கால் மடித்துத் தூக்கச் சொன்னார். கம்பிச் சட்டை போடலாம், ஆனால் அது மருந்து இல்லை என்றும் சொன்னார். செசிலி பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு அழுதாள். நோவுக்காக அழவில்லை. சொல்லிவிட்ட பிறகு உடம்பு லேசாகிப்போனதற்காக அழுதாள்.

ஆனால் சட்டை அவளுக்குச் சரிவரவில்லை. அது ஆண்களின் உடம்பை வைத்துச் செய்தது. நெஞ்சுப் பட்டி மார்பில் அழுத்தி மூச்சை அடைத்தது. இடுப்பு வார் எலும்புக்கு மேலே ஏறி ஏறி வந்தது. பாவாடைக்கு மேலே தொடை மெத்தை நிற்கவில்லை. நாலு பை தூக்குவதற்குள் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் சிரித்தார்கள்.

"செசிலிக்குச் செறகு மொளச்சிருச்சி!"

"பறந்து போயிறாதடி, லொறிக்கு ஆள் இல்ல!"

மூன்றாம் நாள் அவள் அதைக் கழற்றி மடுவத்து மூலையில் எறிந்துவிட்டு, அது இல்லாமலே தூக்கினாள். வீட்டுக்கு வந்ததும் ரொஷானியிடம் சீறினாள்.

"ஒங்க சட்ட வேணாம். ஆம்பளைக்குச் செஞ்சிட்டு என் தலையில கட்டாத."

ரொஷானிக்கு அழுகை முட்டியது. ஆனாலும் விடவில்லை. "கழட்டி எறிஞ்சா எப்புடி எனக்குத் தெரியும், எங்க புடிக்குது, எங்க வழுக்குதுன்னு? நான் அத தைச்சவ. வாய் இருக்கு தானே, சொல்லு. இந்தா, நில்லு."

அப்போது நடந்ததை மத்தேயு பிறகு பலரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறான். அம்மாவும் மகளும் காம்பரா நடுவில் நின்று சண்டை போட்டுக்கொண்டே அளவெடுத்தார்கள். செசிலி மாவு மூட்டையை எடுத்துக் குனிந்து நிமிர்வாள். ரொஷானி வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு பட்டியை இழுத்துக் குத்துவாள். "இங்க குத்துதா?" "ஐயோ, குத்துதடி!" "ஊசி இல்லம்மா, பட்டி!" முதுகுப் பக்கம் கம்பி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க இன்னொரு கை வேண்டியிருந்தது. மத்தேயு எழுந்து வந்தான். அவன் கைக்குத் தெரிந்தது. எந்த இடத்தில் முதல் நோவு தொடங்கும், எந்த எலும்புக்குக் கீழே அது ஓடும் என்று அந்தக் கைக்குத் தெரியும்.

"கம்பி இங்க நிக்கணும்" என்றான், அவள் இடுப்புக்கு மேலே விரலை வைத்து. "இன்னும் கீழ. ஆமா. இங்கதான் எனக்கு வெட்டுச்சி."

அந்த இடத்தை விரலால் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"ஏங்க?" என்றாள் செசிலி.

"ஒன்னும் இல்ல. எனக்கு இது கெடச்சிருந்தான்னு நெனச்சேன். நெனச்சி என்னா செய்ய? ரொஷானி, இந்த எடத்துல ஊசியப் போடு."

பட்டறையில் ஸுபைராவும் ரொஷானியும் சேர்ந்து அதைப் பிரித்துத் தைத்தார்கள். நெஞ்சுப் பட்டியை எடுத்துவிட்டு, தோளிலிருந்து அக்குளுக்குக் கீழே போகிற மாதிரி இரண்டு பட்டிகளாகப் பிரித்தார்கள். இடுப்பு வாரை இடுப்பு வளைவுக்கு ஏற்றபடி வளைத்து வெட்டினார்கள். கஜேந்திரன் கம்பியின் நீளத்தைக் குறைத்தார். பாவாடைக்குக் கீழே போட ஒரு இறுக்கமான காற்சட்டை தைத்து, அதன் மேல் தொடை மெத்தையைப் பொருத்தினார்கள். அப்படியும் முதல் தடவையில் சரிவரவில்லை. பிரித்தார்கள், தைத்தார்கள், மறுபடி பிரித்தார்கள். கடைசியில் ஒரு காலை, மத்தேயு வாசலில் நின்று அவளுக்குப் பின்பக்கக் கொளுவிகளை மாட்டி இழுத்துவிட்டபோது, செசிலி குனிந்து வாளியைத் தூக்கினாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

"என்னா?" என்றான் மத்தேயு.

"யாரோ பின்னால இருந்து இடுப்பப் புடிச்சித் தூக்கி விடுற மாதிரி இருக்குங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அவளுக்குச் சட்டை மாட்டிவிடுவது மத்தேயுவின் வேலையாயிற்று. வேறு யாரையும் தொட விடமாட்டான். ரொஷானி மாட்டினால்கூடப் பிறகு வந்து ஒரு தடவை இழுத்துப் பார்ப்பான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் மேல்மலை றோட்டில் மண் சரிந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லொறி மடுவத்துக்கு ஏற முடியாமல் கீழ் வளைவிலேயே நின்றுவிட்டது. அன்று கொழுந்து நல்ல வரவு. பைகளில் அடைத்த கொழுந்து அப்படியே கிடந்தால் உள்ளே சூடேறிச் சிவந்துபோகும். சிவந்த கொழுந்தைப் பேக்டரி எடுக்காது. காலையிலிருந்து குளிரிலும் அட்டைக்கடியிலும் பெண்கள் பறித்ததெல்லாம் குப்பையாகிவிடும்.

"என்னா செய்வோம், தங்கச்சி?" என்றார் மாடசாமி.

"எறக்குவோம் அண்ணே. ஆளுக்கு ஆள் கை மாத்தி எறக்குவோம். லொறிக்கு ஏத்துறத நான் பாத்துக்கிறேன்."

மடுவத்திலிருந்து வளைவுவரை படிக்கட்டுப் பாதையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பைகள் கைக்குக் கை இறங்கி வந்தன. ஒரு பையை இரண்டு பேர் பிடித்தார்கள். மழை கொட்டியது. மேலே யாரோ மாதா பாட்டு ஒன்றைத் தொடங்க, கீழேவரைக்கும் அது இறங்கி வந்தது. அடியில், சேற்றில், செசிலி நின்றாள். மடுவத்தில் மாதிரி ஏறி நிற்க மேடை இல்லாததால் லொறித் தட்டு அவள் தோளுக்கு மேலே இருந்தது. முழங்காலை மடித்தாள், பையைத் தழுவினாள், எழுந்தாள், கொடுத்தாள். கம்பி வளைந்து வளைந்து நிமிர்ந்தது. கை எரிந்தது, தோள் எரிந்தது, தொடை நடுங்கியது. முதுகு மட்டும் அவளோடு நின்றது. மேலே மாடசாமி மூச்சு வாங்கியபடியே வாங்கி அடுக்கினார். கடைசிப் பை ஏறியதும் லொறி வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு சேற்றில் சறுக்கி இறங்கிப் போனது. வரிசை முழுக்கக் கத்தியது. செசிலியைக் கேலி செய்த பெண்கள்தான் ஓடிவந்து அவள் முகத்தைத் தங்கள் முந்தானையால் துடைத்தார்கள்.

வீட்டில் மத்தேயு கருவாட்டுக் குழம்பும் சோறும் வைத்திருந்தான். அவள் சுவரைப் பிடிக்காமல் உட்கார்ந்தாள். சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பிடிக்காமல் எழுந்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றப் போனான். தட்டு கழுவியாகிவிட்டது என்று சொல்லி அவள் சிரித்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பெரட்டில் தொரை அவளைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் பாராட்டினார். கஜேந்திரனும் அன்று வந்திருந்தார். கைதட்டல் அடங்கியதும் தொரை சொன்னார்: "இந்தச் சட்டை இருந்தா லொறிக்கு ஒரு ஆள் போதும் போல இருக்கே. செசிலியே தூக்கி, செசிலியே அடுக்கலாம். மாடசாமி நாளையில இருந்து கான் வெட்டப் போகட்டும்."

மாடசாமி அறுபதை நெருங்கிய மனிதர். மழை நாளில் வடிகால் கான் வெட்டப் போவதென்றால் இடுப்பளவு சேற்றில் மண்வெட்டியோடு நிற்க வேண்டும். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

செசிலி தோள் கொளுவியைக் கழற்றினாள். பிறகு இடுப்புக் கொளுவி. மத்தேயு காலையில் இழுத்து மாட்டிய ஒவ்வொன்றையும் கழற்றி, சட்டையைத் தொரையின் மேசைமேல் வைத்தாள்.

"அப்ப இத வச்சிக்கிங்க ஐயா."

"என்ன செசிலி? உங்களுக்கு நல்லதுதானே நடந்திச்சு?"

"நல்லதுதாங்க. இது வந்தப்புறம்தான் நான் நேரா எந்திரிக்கிறேன். ஆனா அன்னிக்கு இந்தச் சட்ட தூக்கலங்க. தூக்குனது நான். மேல நின்னு வாங்குனது அண்ணன். படியில நின்னது இவங்க எல்லாரும். இது என் முதுகுக்குக் கொஞ்சம் ஒத்தாச செஞ்சிச்சி. அந்த ஒத்தாசைய நீங்க எடுத்து இன்னொரு ஆளோட வேலைய என் மேல வச்சா, அப்புறம் எனக்கு என்னா மிச்சம்? ரெண்டு வருசத்துல என் வீட்டுக்காரரு மாதிரி படுப்பேன். அண்ணன் கானுக்குள்ள படுப்பாரு."

 தொரை கஜேந்திரனைப் பார்த்தார்.

"அவங்க சொல்றது சரிதான் சேர்" என்றார் கஜேந்திரன். "இது ஆளின்ட பலத்தக் கூட்டாது. முதுகுக்குப் போற பாரத்துல ஒரு பங்கக் குறைக்கும், அவ்வளவுதான். பாரத்தக் கூட்டினா அந்தப் பங்கு திரும்பவும் முதுகுக்கே போயிரும். அப்பிடிப் பாவிக்கிறதுண்டா நாங்க இதத் தர ஏலாது."

தொரை மேசைமேல் கிடந்த சட்டையைத் தூக்கிப் பார்த்தார். வாரின் உள்பக்கம் வேர்வையில் வெளுத்திருந்தது. கீழே வைத்துவிட்டு, ஒஃபிசுக்குள் போய்விட்டார்.

அன்று செசிலி கம்பிச் சட்டையில்லாமல் வேலை செய்தாள். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். மத்தேயு திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் எண்ணெயைச் சூடாக்கி, குப்புறப் படுக்கச் சொல்லி, அவள் முதுகில் தேய்த்துவிட்டான்.

"நான் லொறியில இருந்தப்ப" என்றான் தேய்த்தபடியே, "மூனு பேர் வேலைய ரெண்டு பேர் செய்யச் சொன்னாங்க. நாங்க சரின்னோம். பெரிய வீரன்னு நெனப்பு. நீ இன்னிக்குச் சொன்னத நான் அன்னிக்குச் சொல்லல." பிறகு, "நல்லாச் சொன்ன" என்றான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அவளிடம் இப்படி எதுவும் சொன்னதில்லை. அவள் பாயில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள்.

மறுநாள் பெரட்டில் கங்காணி வேலைகளைக் கூப்பிட்டார். களை எடுக்க, கவ்வாத்து வெட்ட, கான் வெட்ட என்று ஒவ்வொன்றாக வந்தது.

"லொறிக்கு மாடசாமி, செசிலி."

அவ்வளவுதான். விளக்கம் எதுவும் இல்லை. தொரை தூரத்தில் மோட்டர் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். சட்டை மேசைமேல், மடித்து வைத்திருந்தது. மாடசாமி அதை இரண்டு கையாலும் எடுத்து, கோயில் தட்டு மாதிரிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"மத்தேயு மச்சான் இல்லாம இத யாரு மாட்டி விடுறது?" என்றார்.

"லயத்துக்குப் போயிட்டு ஓடியாறேன் அண்ணே" என்றாள் செசிலி. நாற்பதைத் தாண்டியவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அந்த மேட்டில் ஓடினாள்.

தை மாதத்தில் பட்டறையிலிருந்து அழைப்பு வந்தது. செசிலியும் மத்தேயுவும் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு பதுளைக்குப் போனார்கள். மத்தேயுவுக்குப் படி ஏறக் கஷ்டம் என்று ஸுபைரா ஒரு கதிரையைக் கீழேயே போட்டு வைத்திருந்தார். உள்ளே தையல் மெஷின்கள் வரிசையாக இரைந்தன. தன் மகள் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்பதை செசிலி முதல் தடவையாகப் பார்த்தாள். ரொஷானிக்கு இப்போது தனி மேசை. பெண்களுக்கான அளவுகள் வெட்டுகிற மேசை. அவள் வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் அவளிடம் கேட்டுக் கேட்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க அக்கா, வாங்க" என்றார் ஸுபைரா. "உங்கட உடம்புக்கு வெட்டின அளவத்தான் இப்ப எல்லாத்துக்கும் எடுத்திரிக்கோம். வெளிநாட்டில இரிந்து கேட்டிரிக்காங்க. ஆம்பளைக்குச் செஞ்சது அங்கயும் பொம்பளையளுக்குச் சரிவரல்லையாம்."

"அங்கயும் கொழுந்து இருக்கா?" என்றாள் செசிலி.

"இல்ல அக்கா. ஆஸ்பத்திரியில வேல செய்ற நர்ஸ்மாருக்கு. நோயாளிகள கட்டில்ல இரிந்து தூக்குறவங்க."

செசிலி மேசையில் விரித்திருந்த பழுப்புக் கடதாசியைப் பார்த்தாள். அவள் இடுப்பு வளைவு அதில் கோடாகக் கிடந்தது. ஓரத்தில், பட்டறைப் பிள்ளைகளின் கையெழுத்தில், தமிழில் 'செசிலி' என்று எழுதியிருந்தது. பெரியது, சிறியது என்று மற்றக் கடதாசிகளில் எழுதியிருந்த இடத்தில் இதில் அவள் பேர் இருந்தது. மத்தேயு கதிரையிலிருந்து எட்டிப் பார்த்தான். எழுத்தைக் கூட்டி, மெதுவாக, சத்தமாக வாசித்தான். மெஷின்களில் இருந்த பிள்ளைகள் தைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

செசிலி கண் காணாத ஊரில், பேர் தெரியாத பெண்கள், நோயாளியின் அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்துக் குனிவதை நினைத்துப் பார்த்தாள். அவர்களும் முழங்காலை மடிப்பார்களா, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஒளித்து எழும்புவார்களா என்று யோசித்தாள். பிறகு கடதாசியின் மேல் குனிந்து, வயிறு வருகிற இடத்தில் விரலை வைத்தாள்.

"இந்த எடத்துல இன்னுங் கொஞ்சம் விடுங்க மிஸ்" என்றாள். "அதுல புள்ளப் பெத்தவங்களும் இருப்பாங்க."

ஸுபைரா சோக்கை எடுத்தார். ஏற்கனவே இருந்த கோட்டுக்கு வெளியே, செசிலி காட்டிய இடத்தில், இன்னொரு கோடு இழுத்தார்.